நானூற்றுப் பன்னிரண்டு பேர்

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் கோபத்தில் நியாயம் இருக்கும். முக்கால்வாசி நேரம் இருக்கும். நான் இப்போது சொல்லப்போவது மீதிக் கால்வாசியைப் பற்றி.

நான் ஜிப் மாற்றுகிறவள். பை, பயணப்பெட்டி, ஜாக்கெட், எதில் ஜிப் போனாலும் சரி செய்வேன். பெட்டிக்குச் சக்கரம் போடுவேன், கைப்பிடி மாட்டுவேன். மருந்துக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் எட்டடி அகலத்தில் என் கடை. உள்ளே ஒரு தையல் மிஷின், ஒரு மேஜை, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு அளவு ரன்னர். ரன்னர் என்றால் ஜிப்பில் மேலும் கீழும் ஓடுகிறதே, அதுதான். எல்லாரும் என்னை ஜிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டேன்.

இதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு பை ஃபேக்டரியில் இருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட சூப்பர்வைசர் கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்ப்பார். நாலு வருஷத்துக்கு முன்னால் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து இந்தக் கடையைப் பிடித்தேன். இங்கே முதலாளியும் நான்தான், வேலைக்காரியும் நான்தான். ஒரு குடம் தண்ணீரைக்கூட உட்கார்ந்து குடிக்கலாம், கேட்க ஆள் கிடையாது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சும்மா நிற்க முடியாமல் என் போர்டைப் படிப்பார்கள். படித்ததும் வீட்டில் மூலையில் கிடக்கிற பை ஞாபகத்துக்கு வரும். மறுநாள் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் பஸ் ஸ்டாப்பைக் காணோம். அடுத்த தெருவுக்கு மாற்றிவிட்டார்களாம். யாரைக் கேட்டு மாற்றினார்கள்? இரண்டே மாதத்தில் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு சனிக்கிழமை பெரிய சூட்கேஸ் ஷோரூமின் மேனேஜர் என் கடைப் படியேறினார். ஷோரூமின் கீழ்த்தளத்தில் ரிப்பேர் மேஜை போடப்போகிறார்களாம், எனக்கு அங்கே வேலையாம். நல்ல சம்பளம், சீருடை, மாதம் பிறந்தால் கவலையில்லை.

"ஒரே ஒரு விஷயம்தான்மா," என்றார். "ரிப்பேருக்குன்னு வர்றவங்கள்ல பாதிப் பேரையாவது, இது இனிமே தாங்காதுன்னு சொல்லி மேல புதுசு வாங்க அனுப்பணும். ரெண்டு வாரம் டைம் தர்றேன். சனிக்கிழமை மதியம் பன்னெண்டு மணிக்குள்ள சொல்லிடுங்க. அப்புறம் வேற ஆளப் பாத்துடுவேன்."

அவர் போனபிறகு வெகுநேரம் ரன்னர் டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்கும் என்று தெரிந்த பெட்டியைத் தாங்காது என்று சொல்ல என் நாக்கு எப்படிப் புரளும்? ஆனால் கடை இப்படியே கிடந்தால் கடையையே எத்தனை நாளைக்குத் தாங்குவது?

மறுநாள் வீட்டில் கூடிப் பேசினோம். கூட்டம் என்றால் நாலு பேர். நான், என் கணவர், மாமியார், அப்புறம் பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நாத்தனாருக்கு ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. வாய் எனக்குச் சமமாக இருக்கும், அதனாலேயே எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போகும்.

"தெருவுல ஆள் வரலேன்னா, ஆள் இருக்கிற இடத்துக்கு நாம போகணும் அண்ணி," என்றாள் அவள். "வெப்சைட் ஒண்ணு போட்டுடறேன். ஆனா நாளைக்கு ஆபீஸ் வேலையா வெளியூர் போறேன், பத்து நாள் ஆகும். இன்னிக்கு முடிஞ்ச வரைக்கும் பண்றேன், மீதி வந்து பாத்துக்கலாம்."

சாயங்காலத்துக்குள் முடித்தும்விட்டாள். போட்டோ என் கணவர் எடுத்தது. மிஷின் முன்னால் உட்கார்ந்து நான் எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கிறேன். வாசகங்களும் அவருடையவைதான். 'காலத்தை வென்ற தரம்! கைராசியான சேவை! பல்லாண்டு கால அனுபவம்!'

"நாலு வருஷம் பல்லாண்டா?" என்று கேட்டேன்.

"ஃபேக்டரியையும் சேத்துக்கோ," என்றார்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அடியில் ஒரு நம்பர் ஓட வேண்டும் என்று அடம் பிடித்ததும் அவர்தான். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு அதையும் வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் நம்பர் இருபத்தைந்தைத் தாண்டியது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மேஜையைத் துடைத்தேன், வாசலைக் கூட்டினேன், மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். செவ்வாய்க்கிழமை எண்பது. வெள்ளிக்கிழமை இருநூறு. "பாத்தியா, பாத்தியா!" என்று என் கணவர் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு போன் போட்டார். மாமியார் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் உலாத்தினார். வீடே கல்யாண வீடு போலக் களைகட்டியது.

ஒருத்தரும் கடைக்கு வரவில்லை.

இருநூறு முன்னூறாயிற்று. கடைக்கு வந்தது பக்கத்து மருந்துக்கடைக்காரர் மட்டும்தான். அவரும் சில்லறை கேட்டு வந்தார். புதன்கிழமை காலை நானூற்றுப் பன்னிரண்டு. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அழுகை வந்ததோ, பொத்துக்கொண்டு வந்துவிட்டது. யாருமே பார்க்காவிட்டால் அது வேறு. நானூற்றுப் பன்னிரண்டு பேர் என் முகத்தைப் பார்த்து, என் தொழிலைப் படித்து, இவள் நமக்கு வேண்டாம் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் முடிவு செய்திருக்கிறார்கள். ஃபேக்டரி சூப்பர்வைசர்கூட என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை.

"போதும்," என்று கணவருக்குப் போன் செய்தேன். "அந்த ஷோரூமுக்கே போறேன். சனிக்கிழமை சொல்லிடறேன்."

அவர் "சரி," என்றார். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

அன்று சாயங்காலம் நாத்தனார் ஊரிலிருந்து வந்து, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். பையை வைப்பதற்குள் நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். அவள் லேப்டாப்பைத் திறந்து எதையோ தட்டினாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள்.

"எதுக்குடி சிரிக்கிற? என் பொழப்பு உனக்குச் சிரிப்பா இருக்கா?"

"அண்ணி, எந்த போன்லேருந்து எத்தனை தடவை திறந்தாங்கன்னு இங்க தெரியும். உங்க போன்லேருந்து எண்பத்து நாலு."

"எண்பத்து நாலா? நம்பர் ஏறுதான்னு பாத்தேன். அது தப்பா?"

"பாக்கத் திறந்தாலே நம்பர் ஏறும், அண்ணி! இதோ, அம்மா போன். தொண்ணூத்தி ஆறு."

எல்லாரும் மாமியாரைப் பார்த்தோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"கடையத் தொறந்து வெச்சாதானே ஆள் வரும்? காலைல எந்திரிச்சதும் நான்தான் தொறக்கிறேன். சும்மா சும்மா போன் அணைஞ்சு மூடிக்குது. மறுபடியும் மறுபடியும் தொறக்கிறேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மட்டும் மூடிடுவேன். ஏம்மா, அதாவது தெரிய வேணாமா உங்களுக்கு? இத்தனை நாளா கடைய யார் பாத்துக்கிட்டான்னு நெனச்சீங்க?"

நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, அது எப்பவும் திறந்துதாம்மா இருக்கும்," என்றாள்.

"ராத்திரியிலயுமா? யாரு காவலுக்கு?"

"அது கிடக்கட்டும். அண்ணா போன் இருக்கே... இருநூத்தி முப்பத்தொண்ணு!"

"இருநூத்தி முப்பத்தொண்ணா!" என்று நான் திரும்பினேன். "என்னங்க, நீங்க வேன் ஓட்டுனீங்களா இல்லையா?"

அவர் தலையைச் சொறிந்தார். "நிக்கிற நேரத்துலதான் பாத்தேன்," என்று முணுமுணுத்துவிட்டு, டீ போடப் போகிறேன் என்று அடுக்களைக்குள் நழுவினார். டீ போடத் தெரியாத மனிதர்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் நெஞ்சில் பத்து நாளாக ஏற்றி வைத்திருந்த பாரம் ஒன்று இறங்கியது. யாரும் என்னை வேண்டாமென்று சொல்லவில்லை. நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். பத்து நாளும் நாங்களே எங்கள் கடையை எட்டி எட்டிப் பார்த்திருக்கிறோம்.

"இருங்க அண்ணி," என்றாள் நாத்தனார். அவள் சிரிப்பு நின்றிருந்தது. "கூட்டிப் பாத்தா நானூத்திப் பதினொண்ணுதான் வருது. ஒண்ணு மட்டும் வெளி ஆள். போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்திருக்காங்க. வந்து பதினோரு நிமிஷம் இருந்திருக்காங்க. போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு செய்தியும் எழுதிட்டுப் போயிருக்காங்க. நீங்க பாக்கலையா?"

"அதுல செய்தி வருமா?"

"கீழ பெட்டி மாதிரி ஒண்ணு இருக்கே அண்ணி!"

நம்பரைத் தவிர வேறெதையும் நான் அந்தப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. நாத்தனார் செய்தியைத் திறந்து வாசித்தாள்.

'பயணப்பெட்டியின் ஜிப்பை மூடினால், மூடிய இடம் பின்னாலேயே பிளந்துகொள்கிறது. ஜிப் முழுவதையும் மாற்ற வேண்டுமா? ஷோரூமில் புதுப்பெட்டி வாங்கச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை வெளியூர் போக வேண்டும். உங்கள் பக்கம் முழுவதும் தேடினேன். இதற்குப் பதில் இல்லை. தயவுசெய்து சொல்லவும்.'

வெள்ளிக்கிழமை போய் ஐந்து நாள் ஆகிவிட்டது. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு மனிதர் தேடிப்பிடித்து வந்து பதினோரு நிமிஷம் என் வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே நாங்கள் காலத்தை வென்ற தரம் என்று பீற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். கோபம் வந்தது. இந்தத் தடவை கோபம் என் மேலேயே.

"எழுது," என்றேன் நாத்தனாரிடம். "நான் சொல்றத அப்படியே எழுது. அழகுபடுத்தாத."

'ஐயா, மன்னிச்சுக்கோங்க. உங்க செய்திய இப்பதான் பாத்தேன், தப்பு என்னுது. ஜிப் மாத்தவே வேணாம், புதுப்பெட்டியும் வேணாம். பல்லு எல்லாம் ஒழுங்கா இருந்தா, போனது ரன்னர் மட்டும்தான். ஓடி ஓடி அதோட வாய் அகண்டிருக்கும். ரன்னர ஜிப்போட ஆரம்பத்துக்கே கொண்டுபோங்க. அதோட பின்பக்கம் ரெண்டு ஓரத்தையும் ஒரு குறடால மெதுவா அழுத்துங்க. மெதுவா! நசுக்கினீங்கன்னா உடைஞ்சுடும், அப்புறம் என்னைத் திட்டாதீங்க. கொஞ்சம் அழுத்தி, இழுத்துப் பாத்து, மறுபடி கொஞ்சம். சரியானா என்கிட்ட வர வேணாம். சரியாகலேன்னா கொண்டாங்க, ரன்னர மட்டும் மாத்திடலாம், பத்து நிமிஷம் ஆகாது. பழைய பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல, மருந்துக்கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவுல இருக்கேன். இன்னொண்ணு: தயவுசெஞ்சு பெட்டி மேல ஏறி உக்காந்து ஜிப் போடாதீங்க. நீங்க உக்காந்திருப்பீங்க, எனக்குத் தெரியும்.'

"வர வேணாம்னு சொல்றியே," என்று மாமியார் பதறினார். "வர்ற ஆள வாசல்லயே திருப்பி அனுப்புறியே!"

"அத்தை, அவருக்கு இதுதான் வேணும். கடையில யார் வந்து கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்."

நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, நாளைக்கு லீவு போட்டுட்டு உங்க கடையில வந்து உக்காரப்போறேன்," என்றாள்.

சொன்னபடி வியாழக்கிழமை வந்து உட்கார்ந்தாள். நாலு வருஷமாக வருகிறவர்கள் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று என் வாயைக் கிளறினாள். அவர்கள் கேட்கிற மாதிரியே எழுதிக்கொண்டாள். 'சக்கரம் ஒண்ணு மட்டும் கத்துது, ரெண்டையும் மாத்தணுமா?' 'ஜிப்ல துணி மாட்டிக்கிச்சு, இழுக்கட்டுமா?' 'நம்பர் பூட்டு நம்பர் மறந்துடுச்சு, திருடன்னு நெனைப்பீங்களா?' ஒவ்வொன்றுக்கும் நான் வாயால் சொன்ன பதில் அப்படியே ஏறியது. காலத்தை வென்ற தரமும் கைராசியும் இறங்கின. எதற்கெல்லாம் என்னிடம் வர வேண்டாம் என்றும் ஒரு பட்டியல் போட்டோம். தோல் பெட்டிக்குச் சாயம் பூசத் தெரியாது, உடைந்த பிளாஸ்டிக் மூடியை ஒட்டினால் நிற்காது. அடியில் ஓடிய நம்பரை அவள் முதல் வேலையாகத் தூக்கிக் கடாசினாள். கடையின் முகப்பை இரண்டு பக்கத்துக் கடைகளும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து மேலே வைத்தாள்.

"செய்தி வந்தா உங்க போன் மணியடிக்கும்," என்றாள். "அன்னிக்கே பதில் போடணும். போடலேன்னா நானே உங்களத் திட்டி செய்தி அனுப்புவேன்."

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒல்லியாக ஒருவர், கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பையோடு.

"பெட்டி மேல உக்காராதீங்கன்னு திட்டின அக்கா நீங்கதானா?" என்றார்.

"உக்காந்தீங்களா இல்லையா?"

"உக்காந்தேன்," என்று அசடு வழிந்தார். "நானும் உக்காந்தேன், என் வீட்டுக்காரியும் உக்காந்தா. இந்தக் கயிறோடதான் ஊருக்குப் போயிட்டு வந்தேன். நேத்து குறடால அழுத்திப் பாத்தேன், பாதி சரியாச்சு. நான் ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனை பண்றவன். உங்க பதில எங்க லேப்ல எல்லாருக்கும் காட்டினேன். இவங்க ரெண்டு பேரும் என்கூட வேலை பாக்கறவங்க. வர வேணாம்னு சொல்ற கடைக்கு நம்பிப் போகலாம்னு கிளம்பி வந்துட்டாங்க."

கயிற்றை அவிழ்த்தேன். எட்டாம் நம்பர் டப்பாவிலிருந்து ஒரு ரன்னரை எடுத்து மாட்டினேன். ஆறு நிமிஷம். ஜிப் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் மூடித் திறந்து, திறந்து மூடி, சின்னப்பிள்ளை மாதிரி நாலு தடவை பார்த்தார்.

"புதுசு வாங்கச் சொன்னது எந்த ஷோரூம்ங்க?" என்று கேட்டேன்.

சொன்னார். மதியம் பன்னிரண்டு மணிக்குள் நான் பதில் சொல்ல வேண்டிய அதே ஷோரூம்.

அவர்கள் போனபோது மணி பதினொன்றே முக்கால். சனிக்கிழமை வேன் ஓட்டமில்லை, என் கணவர் காலையிலிருந்தே கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் வந்தார்கள், உண்மைதான். மூன்று பேரை வைத்துக் கடை நடத்த முடியுமா? சூடு கண்டவள் நான், எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"என்னங்க, என்ன சொல்லட்டும்? வாயத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன். புதன்கிழமையும் 'சரி'ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சீங்க."

அவர் தன் போனை எடுத்து எதையோ திறந்து என் முன்னால் நீட்டினார். எங்கள் வெப்சைட்தான். மேலே கடை முகப்பு. விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனார். கடைசியில் அந்தப் பழைய போட்டோ, மிஷின் முன்னால் நான் சிரித்துக்கொண்டிருப்பது.

"தங்கச்சி இத எடுத்துடறேன்னா. நான்தான் கெஞ்சிக் கீழயாவது வைக்கச் சொன்னேன்," என்றார். "நான் நம்பரப் பாக்கத் திறக்கல. இதப் பாக்கத்தான் திறந்தேன். ஃபேக்டரியில இருந்த பதினோரு வருஷத்துல உன் முகம் ஒரு நாள்கூட இப்படி இருந்து நான் பாத்ததில்ல. ஷோரூமுக்குப் போயிட்டா இது இருக்காதேன்னு பயம். போகாதேன்னு சொல்லவும் பயம். நாளைக்குக் கடை ஓடலேன்னா நீ என் மேல பாய்வ."

"பாய்வேன்தான்," என்றேன். அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. இருநூற்று முப்பத்தோரு தடவை போனைப் பார்க்கத் தெரிந்த மனிதருக்கு, எதிரே இருக்கிறவளிடம் ஒரு தடவை வாயைத் திறக்கத் தெரியவில்லையே!

மேனேஜருக்குப் போன் போட்டேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

"சார், நான் வரல."

"ஏம்மா, சம்பளம் பத்தலையா?"

"சம்பளத்துல குறையே இல்ல சார். உங்க ஆளுங்க புதுசு வாங்கச் சொன்ன பெட்டி ஒண்ணு காலைல இங்க வந்துச்சு. ஆறு நிமிஷத்துல சரியாயிடுச்சு. அத உங்க மேஜையில உக்காந்து, தாங்காதுன்னு என்னால சொல்ல முடியாது."

கோபத்தில் போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, என் வீட்டுலயும் பெட்டி ஒண்ணு அப்படித்தான் கிடக்கு. மூடினா பின்னாலயே பிளந்துக்குது. அத என்ன பண்ணலாம்?"

"வெப்சைட்ல போட்டிருக்கேன் சார். முதல் கேள்வியே அதுதான்," என்றேன். "மெதுவா அழுத்துங்க."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், என் கணவர் அவருடைய போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"புது போட்டோ," என்றார். "அசையாத."